சாவி என்று சொல்ல வந்து

அப்பா கேட்டது சாவி. வாயில் வந்தது பூட்டு.

"பூட்டு" என்றார். சொன்ன அடுத்த நொடியே தலையை ஆட்டினார். "இல்ல... பூட்டு... இல்ல இல்ல... பூட்டு." அம்மா ஓடிப்போய்க் கொல்லைக் கதவில் தொங்கிய பூட்டைக் கழற்றிவந்து அவர் கையில் வைத்தாள். அப்பா அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பீரோ சாவியைத்தான் கேட்டிருக்கிறார் என்பது எங்களுக்குச் சாயங்காலம்தான் புரிந்தது.

அப்போது பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது காலும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. அதற்குப் பெயர் அஃபேசியா என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த ஒருவர் அம்மாவிடம், "புத்தி கொஞ்சம் மங்கியிருக்கும்மா, குழந்தை மாதிரி பாத்துக்கங்க" என்று சொல்லியனுப்பினார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நாங்கள் மூன்று மாதம் அப்பாவைக் குழந்தையாகவே நடத்தினோம். இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம் அதுதான்.

அப்பா திருச்சி டவுன் பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டராக இருந்தவர். நிற்க இடமில்லாத வண்டியில் யார் எந்த ஸ்டாப்பில் ஏறினார், யாருக்கு எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்பதெல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். மற்றவர்கள் டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதிக் கொடுப்பார்கள். அப்பா எழுத மாட்டார். சத்திரம் ஸ்டாப் வருவதற்குள் தானே தேடிப்போய்க் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் முன்னால் நான் ஒரு சீப்பைத் தூக்கிப் பிடித்து, "இது என்னப்பா? சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாரம் இரண்டு நாள் வந்த ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். அவர்தான் முதலில் சொன்னார்: "அக்கா, அவருக்குச் சொல் தொலைஞ்சு போகல. எடுக்கறதுலதான் சிக்கல்." அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் ராத்திரிகளில் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் வீட்டில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கும் யாராவது இதைப் படிப்பார்கள் என்ற எண்ணத்தில்தான்.

ஒரு பொருளைப் பார்த்துப் பெயர் சொல்வது நமக்கு ஒரே வேலை மாதிரித் தெரிகிறது. உள்ளே குறைந்தது இரண்டு படி இருக்கிறது. முதலில் அர்த்தத்திலிருந்து அதற்குரிய சொல்லைப் பிடிக்க வேண்டும். பிறகு அந்தச் சொல்லின் ஒலிகளை எடுத்து வரிசையாக அடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் "வாய்லயே நிக்குது, வர மாட்டேங்குது" என்று நாம் தவிக்கும் நிலை. 1966இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சொல் வராமல் தவிக்கும் ஆட்களுக்கும் அதன் முதல் எழுத்து என்ன, எத்தனை அசை என்பதெல்லாம் பல நேரம் சரியாகத் தெரிந்திருந்தது. முழுச் சொல்லும் கைக்கு வராமலே அதன் விளிம்பு மட்டும் கையில் அகப்படுகிறது. நமக்கு எப்போதாவது நடப்பது, அஃபேசியா வந்தவருக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் நடக்கிறது.

முதல் படியில் தவறினால் சாவிக்குப் பூட்டு வரும். இரண்டாவதில் தவறினால் குடத்துக்குக் குடை வரும், அல்லது அர்த்தமே இல்லாத "குமடம்" மாதிரி ஏதோ ஒன்று வரும். அப்பாவுக்கு இரண்டும் வந்தது. சாவி-பூட்டு வகைதான் அதிகம்.

ஏன் பூட்டு? ஏன் வேறேதோ ஒரு சொல் வரவில்லை? அங்கேதான் எனக்குக் கண் திறந்தது.

சாவி என்று நினைத்ததும் மூளையில் சாவி மட்டும் எழுந்து நிற்பதில்லை. பூட்டு, கதவு, பீரோ, கொத்து எல்லாம் சேர்ந்து எழுகின்றன. நமக்கும் அப்படித்தான். அவற்றில் ஒன்றை மட்டும் வெளியே விட்டு, மற்றதை அடக்கி வைக்க ஒரு கட்டுப்பாடு தேவை. இதைத்தான் ஆங்கிலத்தில் எக்ஸிகியூட்டிவ் கன்ட்ரோல் என்கிறார்கள், தமிழில் நிர்வாகக் கட்டுப்பாடு எனலாம். நான் எனக்குள் அதைக் கண்டக்டர் வேலை என்றுதான் வைத்துக்கொண்டேன். வண்டி நிறையக் கூட்டம். ஸ்டாப் வருகிறது. இறங்க வேண்டியவர் ஒருவர்தான். ஆனால் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நான்கு பேர் நிற்கிறார்கள். "நீங்க உள்ள போங்க, அவரை விடுங்க" என்று சொல்லக் கண்டக்டர் வேண்டும். அவர் இல்லாத வண்டியில் பக்கத்தில் நிற்பவர்தான் முதலில் இறங்குவார். பூட்டு இறங்கியது அப்படித்தான்.

1997இல் ஷாரன் தாம்சன்-ஷில் என்ற ஆய்வாளரும் குழுவினரும் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். பல விடைகள் போட்டி போடும் இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்போது இடது நெற்றிப் பகுதியின் கீழ்மடிப்பு கூடுதலாக வேலை செய்தது. கத்தரிக்கோல் என்றால் வெட்டுவது என்று உடனே சொல்லிவிடலாம். கயிறு என்றால் கட்டலாம், இழுக்கலாம், இறைக்கலாம், திரிக்கலாம். இரண்டாவதுக்குத்தான் அந்த இடம் உழைக்கிறது. பேச்சுக்கான இடம் இது என்று பிரெஞ்சு மருத்துவர் பால் ப்ரோகா 1861இல் பாரிஸில் காட்டிய இடமும் ஏறக்குறைய அதேதான். ப்ரோகாவின் நோயாளி லெபோர்ன், பிசேத்ர் மருத்துவமனையில் 20 வருஷத்துக்கு மேல் இருந்தவர். எதைக் கேட்டாலும் ஒரே அசையைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்வார். நம் காதுக்கு அது "தான், தான்" என்றுதான் கேட்கும். ஆனால் கோபம் வந்தால் மட்டும் முழு வசவுச் சொல் ஒன்று தெளிவாக வந்து விழுமாம். அவருடைய மூளை இன்னும் பத்திரமாக இருக்கிறது. 2007இல் அதை ஸ்கேன் செய்தபோது, ப்ரோகா வெளியிலிருந்து பார்த்ததைவிடச் சேதம் மிக ஆழமாகப் போயிருப்பது தெரிந்தது. ஒரு பொட்டு இடம் கெட்டுப் பேச்சு போய்விட்டது என்று சொல்ல முடியாத அளவுக்கு உள்ளே பல வழித்தடங்கள் அறுந்திருந்தன.

சரி, சொல் தொலையவில்லை, எடுப்பதில்தான் சிக்கல் என்பதற்கு என்ன சாட்சி? 2006இல் எலிசபெத் ஜெஃப்ரீஸ், மாத்யூ லாம்பன் ரால்ஃப் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பொருளறிவு தேய்ந்துகொண்டே போகும் ஒருவகை டிமென்ஷியா நோயாளிகளையும், பக்கவாதத்தால் அஃபேசியா வந்து, சொல்லிலும் படத்திலும் பொருள் பிடிக்கத் தடுமாறியவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். டிமென்ஷியாக்காரர்களுக்கு ஒரு பொருள் போனால் போனதுதான். படமாகக் காட்டினாலும் சொல்லாகக் கேட்டாலும் அதே பொருளில் தவறினார்கள். பக்கவாதக்காரர்கள் அப்படியில்லை. ஒரு சோதனையில் சரியாகச் சொன்ன பொருளையே வேறு சோதனையில் கோட்டை விட்டார்கள். எவ்வளவு கட்டுப்பாடு தேவைப்படும் சோதனை என்பதைப் பொறுத்து அது மாறியது. அணில் படத்தைக் காட்டினால் கொட்டை என்று சொல்லும் தவறு அவர்களிடம் இருந்தது. அணிலுக்கும் கொட்டைக்கும் என்ன உறவு என்று தெரிந்தவர்தான் அப்படித் தவற முடியும். முதல் ஒலியைச் சொல்லிக் கொடுத்தால் அவர்களுக்குச் சொல் வந்தது. டிமென்ஷியாக்காரர்களுக்கு அந்த உதவி பெரிதாகப் பயன்படவில்லை.

இதைப் படித்த அன்று ராத்திரி நான் எழுந்து போய் அப்பா தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டு என்று சொன்னவருக்குச் சாவி தெரியும். தெரிந்ததால்தான் பூட்டு வந்தது.

அப்புறம் என் காய்கறிக் கதை. இதை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். என்னைப் போலவே எல்லோரும் செய்கிற தவறு என்று நினைக்கிறேன்.

காலையில் அம்மா சந்தையிலிருந்து வந்ததும் நான் காய்களை எடுத்துத் தாம்பாளத்தில் வரிசையாக வைப்பேன். கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய், புடலங்காய், அவரைக்காய். ஒவ்வொன்றாகக் காட்டுவேன். முதல் சுற்றில் மூன்று சொல்லிவிடுவார். எனக்குச் சந்தோஷம் தாங்காது. உடனே இன்னொரு சுற்று. இரண்டுதான் வரும். மூன்றாவது சுற்றில் எல்லாமே வெண்டைக்காய். நான்காவது சுற்றில் தாம்பாளத்தை இடது கையால் தள்ளிவிடுவார். அவர் முயற்சி செய்யவில்லை, பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் குரலை உயர்த்தியும் பேசிவிட்டேன்.

அது பிடிவாதமே இல்லை. ஒரே இனத்துப் பொருள்களைத் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லச் சொன்னால் என்ன ஆகும் என்பதை டாட்டியானா ஷ்னூர், மிர்னா ஷ்வார்ட்ஸ் குழுவினர் 2006இல் எழுதியிருக்கிறார்கள். நல்ல நிலையில் இருப்பவர்களே கலந்து கொடுத்தால் சொல்வதைவிட, ஒரே இனமாகக் கொடுத்தால் மெதுவாகச் சொல்கிறார்கள். ப்ரோகா வகை அஃபேசியா (பேச்சு திக்கித் திக்கி வரும் வகை) உள்ளவர்களுக்கோ ஒவ்வொரு சுற்றிலும் தவறு கூடிக்கொண்டே போகிறது. ஒருமுறை சொன்ன வெண்டைக்காய் சூடாக வாசலில் நிற்கிறது. அடுத்து முருங்கைக்காயை எடுக்கப் போனால் அதை முந்திக்கொண்டு வெண்டைக்காய் வருகிறது. ஐந்து காயையும் அடுத்தடுத்து எழுப்பிவிட்டு, ஒன்றையொன்று முட்ட வைத்து, அடக்கக் கண்டக்டர் இல்லாத நேரத்தில் வண்டியில் ஆளை ஏற்றிக்கொண்டே இருந்தவள் நான்.

அன்றிலிருந்து தாம்பாளத்தில் கத்தரிக்காய், செருப்பு, டார்ச் லைட், தேங்காய் என்று கலந்து வைத்தேன். ஒரு சுற்றோடு நிறுத்தினேன். அப்பா தாம்பாளத்தைத் தள்ளுவது நின்றது. அவ்வளவுதான் சொல்ல முடியும், ஒரே வாரத்தில் பேசிவிட்டார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

முதல் ஒலி சொல்லிக் கொடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. குளித்துவிட்டு வந்தவர் கையை நீட்டி ஏதோ கேட்கிறார். வேட்டி என்று நினைத்துக்கொண்டு நான் "வே... வே..." என்று எடுத்துக் கொடுத்தேன். "வேட்டி" என்றார். உடனே தலையை ஆட்டினார். அவர் கேட்டது துண்டு. ஆனால் அதற்கப்புறம் அன்று மத்தியானம் வரை தட்டும் வேட்டி, மாத்திரையும் வேட்டி, மின்விசிறியும் வேட்டி. தவறான முதல் ஒலியைக் கொடுத்தால் இவர்களுக்கு நிலைமை இன்னும் மோசமாகும் என்பதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். புலிப் படத்தைக் காட்டி "சி" என்று ஆரம்பித்துக் கொடுத்தால் சிங்கம் ஓடி வரும். என்ன வேண்டும் என்று உறுதியாகத் தெரியாமல் எடுத்துக் கொடுக்காதீர்கள். "இதுவா?" என்று பொருளைக் காட்டிக் கேட்பது நல்லது. தலையாட்டல் போதும்.

உறவுமுறைச் சொற்கள் பாடு இதைவிடப் பெரிது. தமிழில் அந்தக் கூட்டம் எவ்வளவு நெருக்கமானது! அக்கா, அத்தை, அண்ணி, ஆத்தா எல்லாம் ஒரே வீட்டில், ஒரே எழுத்தை ஒட்டி. அப்பா அம்மாவை ஒருநாள் "அத்தை" என்று கூப்பிட்டார். வந்திருந்த சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. "ஏங்க, இங்கதான் இருக்கேன்" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். எந்தப் பாடமும் படிக்காத அம்மா அன்று செய்ததுதான் சரியான வைத்தியம் என்று இப்போது தோன்றுகிறது. திருத்தவில்லை, திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

புத்தி மங்கிவிட்டது என்று சொன்னார்களே, அதற்கு வருகிறேன். 1783 ஜூன் 17 விடியும் முன், லண்டனில், ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனுக்குத் தலைக்குள் ஏதோ குழப்பம். வயது 73. உடலுக்கு என்ன துன்பம் வந்தாலும் வரட்டும், அறிவை மட்டும் விட்டுவிடு என்று கடவுளை வேண்டினார். தன் அறிவு நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க அந்த வேண்டுதலை லத்தீன் செய்யுளாகக் கட்டினார். செய்யுள் அவ்வளவு நன்றாக இல்லை, ஆனால் நன்றாக இல்லை என்பது தனக்குத் தெரிந்தது, அதனால் அறிவு கெடவில்லை என்று முடிவுகட்டினார். அதற்கு அப்புறம்தான் தன் பேச்சு போயிருப்பதைக் கண்டார். உதவி கேட்டுச் சீட்டு எழுதினால் கை தவறான எழுத்துகளைப் போட்டது. இரண்டு நாள் கழித்து இவ்வளவையும் அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

தன் தவறு தனக்குத் தெரிவது. அப்பா பூட்டு என்றதும் தலையை ஆட்டினாரே, அதுதான் இது. இரண்டு தனித்தனி வேலைகள்: ஒன்று தவறைக் கண்டுபிடிப்பது, மற்றொன்று அதைத் தடுத்து வேறு வழியில் போவது. அப்பாவுக்கு முதலாவது நன்றாக இருந்தது. இரண்டாவதில்தான் அடி. தெரபிஸ்ட் கேட்டால் தண்ணீர் குடிப்பதைக் கையால் அழகாக நடித்துக் காட்டுவார். வீட்டில் தாகம் எடுத்தால் அந்தச் சைகை நினைவுக்கு வராது. "ப... ப..." என்று வராத சொல்லின் வாசலிலேயே முட்டிக்கொண்டு நிற்பார். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழிக்குத் திரும்புவதும் நிர்வாகக் கட்டுப்பாட்டின் வேலைதான். எல்லா அஃபேசியாவும் இப்படி இருக்காது. பேச்சு மிக மோசமாக இருந்தும் இந்தத் திரும்பும் திறன் நன்றாக இருப்பவர்கள் உண்டு, அவர்கள் படம் வரைந்தாவது காரியத்தை முடித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் அதே தாகத்துக்கு "வாட்டர்" என்றார். அண்ணன் உடனே, "தமிழ்ல சொல்லுங்கப்பா" என்றான். நான் அண்ணனை வெளியே கூட்டிப்போய்ப் பேசினேன். எந்த மொழிக் கதவு திறக்கிறதோ அதில் வரட்டும். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் பக்கவாதம் வந்த 608 பேரைப் பார்த்து 2016இல் எழுதியதும் நினைவுக்கு வந்தது. இரண்டு மொழி தெரிந்தவர்களில் 40.5 சதவீதம் பேருக்குச் சிந்தனைத் திறன்கள் சேதமின்றி இருந்தன, ஒரு மொழிக்காரர்களில் 19.6 சதவீதம்தான். ஆனால் அஃபேசியா வருவதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு மொழி பழகிய மூளைக்குக் கட்டுப்பாட்டில் பயிற்சி அதிகம் என்று சிலர் கருதுகிறார்கள். அதே மூளையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு சொற்கள் வாசலுக்கு வருகின்றன என்பதும் உண்மை.

படக்கார்டுகளை ஒதுக்கிவைத்தோம். காண்டாமிருகத்தைச் சொல்லி அப்பாவுக்கு என்ன ஆகப்போகிறது? பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஒவ்வொருவருக்கும் தன் வாழ்க்கைக்கு வேண்டிய 100 சொற்களைத் தேர்ந்தெடுத்துக் கணினியில் பழகச் செய்தார்கள். 2019இல் முடிவு வந்தது. பழகிய சொற்கள் நன்றாக முன்னேறின. சாதாரண உரையாடல் முன்னேறவில்லை. அதைப் படித்தபோது மனம் உடைந்தது உண்மை. பிறகு யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது. கணினி முன்னால் ஒரு படம், ஒரு சொல், அமைதி. உரையாடலில் டிவி ஓடும், குக்கர் விசில் அடிக்கும், இரண்டு பேர் குறுக்கே பேசுவார்கள், பேச்சு பென்ஷனிலிருந்து மழைக்குத் தாவும். அத்தனையையும் அடக்கிக்கொண்டு ஒரு சொல்லை எடுக்க வேண்டும். அப்பாவின் கட்டுப்பாடு தாங்காது என்றால் அந்தக் கட்டுப்பாட்டில் பாதியை வெளியிலிருந்து நாங்கள் கொடுக்கலாம். பேசும்போது டிவி அணைந்திருக்கும். ஒருவர்தான் பேசுவோம். கேட்டுவிட்டு நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன், இடையில் வாயைத் திறக்க மாட்டேன். பேச்சு மாறும்போது, "இப்ப மழையைப் பத்தி" என்று சொல்லிவிட்டு மாறுவோம்.

100 சொற்கள் பட்டியலும் போட்டோம். பேரன் பெயர், சாவி, துண்டு, வெற்றிலை, சுண்ணாம்பு, சில்லறை, விசில், வலிக்குது, போதும். "போதும்" அவர் கேட்டு வாங்கிய சொல். தட்டைக் கையால் மூடிக்காட்டி, பட்டியலைத் தட்டினார்.

ஸ்டாப் பெயர்களை நாங்கள் பட்டியலில் சேர்க்கவில்லை. அவை ஏற்கெனவே இருந்தன, ஆனால் வேறு விதமாக. "ஜங்ஷன்" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், "பாலக்கரை, மெயின்கார்டு கேட், சத்திரம், மாம்பழச்சாலை, அம்மா மண்டபம், ஸ்ரீரங்கம்" என்று பழைய குரலில் தடையில்லாமல் கொட்டும். ஆனால் "மாம்பழச்சாலைக்கு அடுத்து என்னப்பா?" என்று கேட்டால் ஒன்றும் வராது. பழக்கத்தில் ஓடும் பேச்சு வேறு, சொல்ல நினைத்துச் சொல்லும் பேச்சு வேறு என்று ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே பிரித்துக் காட்டினார். லெபோர்னின் வசவுச் சொல்லும் முதல் வகைதான். சிலர் ஐந்து என்று சொல்ல ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து ஐந்தில் நிறுத்துவார்கள். அப்பாவால் ஓட முடிந்தது, நிறுத்த முடியவில்லை. எங்கே ஆரம்பித்தாலும் ஸ்ரீரங்கம் போய்த்தான் நிற்பார்.

போன ஆடிப் பெருக்குக்கு அப்பாவைக் காவிரிக்குக் கூட்டிப்போனேன். ஆட்டோ வேண்டாம் என்று கையாட்டினார். ஜங்ஷனில் ஏறினோம். கண்டக்டர் பையன் ஜன்னலோரம் இடம் காலி பண்ணிக் கொடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்தே கேட்டான்: "ஐயா, எங்க இறங்கணும்?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தேன்.

அப்பா முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஜங்ஷன்" என்றார். "பாலக்கரை. மெயின்கார்டு கேட். சத்திரம்." பையன் குழப்பமாக என்னைப் பார்த்தான். நான் கையைக் காட்டி இரு என்றேன். "மாம்பழச்சாலை." அப்பாவின் குரல் மெதுவானது. கண்ணை மூடிக்கொண்டார். "அம்மா மண்டபம்."

உதடு அடுத்த ஊருக்குக் குவிந்தது. இடது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டுப் பையனைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

பையன் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான்.